தீவு யாத்திரைக்குப் பெருங்கலமா, சிறுகலமா?

சங்கராபுரத்தில் இருப்பவன் கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே புதுச்சேரிக்கோ கடலூருக்கோ பஸ் ஏற வேண்டும். மேற்கே முகத்தைத் திருப்பினால் கல்வராயன் மலைதான் நீல நிறமாக வரிசை வரிசையாய் எழுந்து, அசையாத அலைகளைப் போல நிற்கும். கரும்பும் மரவள்ளியும் நெல்லும் விளைகிற இந்த ஊரில் கப்பலைப் பற்றிய பேச்சு எழுவதே அபூர்வம். அப்படியிருக்க, சர்க்கரை ஆலையில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற என் அண்டைவீட்டுக்காரர், சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியதாகச் சொல்லி இரண்டு வழவழப்பான வர்ணக் காகிதங்களைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் பரப்பி, "நீங்க நாலும் படிச்சவங்க, பெருசுல போறதா, சின்னதுல போறதா, ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று கேட்டார். ஒரு காகிதத்தில் பதினோரு அடுக்கு மாளிகை ஒன்று தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அதன் மொட்டைமாடியில் ஒரு நீச்சல் குளம். மற்றொன்றில் வெள்ளை நிறச் சிறு கப்பலும் அதற்கு முன்னால் தென்னை மரங்கள் அடர்ந்த ஒரு தீவும் இருந்தன. அவருடைய மனைவி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையில் முடித்துவிடக் கூடிய விஷயமாக எனக்கு அது தோன்றவில்லை. அன்றிரவு யோசிக்கத் தொடங்கி, பழைய நூல்களையும் என்னுடைய சொற்ப அனுபவத்தையும் புரட்டிப் பார்த்ததன் பலனே இக்கட்டுரை.

கேள்வி புதியதன்று. கட்டுமரம், தெப்பம், அம்பி, ஓடம், தோணி, வள்ளம், நாவாய், வங்கம் என்று நம் மொழியில் கலங்களுக்கு வழங்கும் பெயர்களை அடுக்கிப் பார்த்தால், எந்த நீருக்கு எந்தக் கலம் ஏற்றது என்ற விசாரணை நம்மவரிடையே மிகப் பழைய காலத்திலேயே நடந்து முடிந்திருப்பது விளங்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல், நம் கிழக்குக் கரைத் துறைமுகங்களைச் சொல்லுமிடத்தில், கரையோரமாகவே சென்று வரும் சிறு கலங்களையும், மரங்களை இணைத்துக் கட்டிய 'சங்கரா' என்ற பெரிய கலங்களையும், கங்கைக்கும் கீழ்த்திசைப் பொன்னாட்டுக்கும் ஓடிய 'கோலந்தியா' என்ற மிகப் பெரிய கலங்களையும் வேறு வேறாகவே குறிப்பிடுகிறது. சங்கரா என்ற பெயரைப் படித்ததும் எங்கள் ஊரோடு அதற்கு ஒரு முடிச்சுப் போட்டுவிடலாமா என்ற ஆசை எனக்கும் எழுந்தது உண்மை. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு சரித்திரம் எழுதுவது தகாது என்று அடக்கிக்கொண்டேன். ஆனால் இரண்டு தோணிகளைப் பிணைத்த மிதவைக்குத் தமிழில் 'சங்கடம்' என்ற பெயர் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. காற்றில் அகப்பட்டவர்களுக்கு அச்சொல்லின் இரண்டு அர்த்தங்களும் ஒருங்கே புரிந்திருக்கும்.

தீவில் இறங்கிய பிரயாணியைப் பற்றிய நம்முடைய மிகப் பழைய கதை மணிமேகலையில் இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்திய ஆபுத்திரன், சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு, அந்நாட்டுக்குச் செல்லும் கப்பலில் ஏறுகிறான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத் தீவில் தங்குகிறது. அவன் இறங்கிப் போகிறான். அவனும் ஏறிவிட்டான் என்று எண்ணிக்கொண்டு கப்பல் பாய் விரித்துப் போய்விடுகிறது. உண்பதற்கு ஒருவரும் இல்லாத தீவில், பல்லாயிரம் பேருக்குச் சோறிடும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தான் ஒருவன் மட்டும் உண்டு உயிர் வாழ மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு அவன் உண்ணாமலே உயிர் துறக்கிறான். நயினாதீவே அந்த மணிபல்லவம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. எங்கள் பக்கத்தவருக்கோ கோமுகி என்றால் கல்வராயன் மலையில் பிறந்து கச்சிராயபாளையத்துக்கு அருகே அணையில் தேங்கும் ஆறுதான். அந்தப் பெயரைக் காப்பியத்தில் எதிர்ப்படும் ஒவ்வொரு முறையும் எனக்கு அணைக்கட்டின் மதகுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். அது நிற்க. கப்பல் பெரிதாகப் பெரிதாக இறங்கியவனின் முகம் மறந்துபோகும் என்பதும், தீவில் இறங்குவதும் மீண்டும் ஏறுவதுமே பிரயாணத்தின் அபாயமான கணங்கள் என்பதும் அந்தக் கதைக்குள் அடங்கியிருக்கின்றன. இக்காலத்துப் பெருங்கப்பல்களில் இறங்குகிறவரின் அட்டையை யந்திரத்தில் காட்டச் சொல்லிக் கணக்கு வைக்கிறார்கள், சிறு கலத்திலோ மாலுமி தலையை எண்ணி, "அந்தக் கண்ணாடிக்காரர் எங்கே?" என்று கேட்டுவிடுகிறான்.

மலையை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையின் சாரத்தை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியில் புறப்படும் பஸ் வெள்ளிமலை வரையில் சௌகரியமாகக் கொண்டுபோய் விடும். அதற்கும் அப்பால் காட்டுக்குள் இருக்கிற சிற்றூருக்குப் போகிறவன் ஜீப்பைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். பஸ் நிற்கும் இடமும் ஊர் இருக்கும் இடமும் ஒன்றல்ல. கடலிலும் அப்படியே. கப்பல் எவ்வளவு நீளம், எத்தனை அடுக்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள்; தண்ணீருக்குள் அது எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று கேட்பவர் அருமை. தீவைப் பொறுத்தவரை அந்த ஓர் அளவே மற்றெல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. ஏறக்குறைய 7 மீட்டர் அமிழும் கப்பல், 3 மீட்டர் ஆழமுள்ள பவளப்பாறைத் தடாகத்துக்குள் நுழைய முடியாது. வெளியே ஆழ்கடலில் நின்றுகொண்டு படகைக் கூப்பிட வேண்டியதுதான்.

நமக்கும் இலங்கைக்கும் இடையேயுள்ள பாக் நீரிணை இதற்குத் தலைசிறந்த திருஷ்டாந்தம். ராமர் சேதுவின் மணல் திட்டுகளில் சில இடங்களில் ஆள் முழுகும் ஆழம்கூட இல்லாமையால், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பெரிய கப்பல் இலங்கைத் தீவு முழுவதையும் வலம் வந்தே போய்ச் சேருகிறது. அந்தச் சுற்றைத் தவிர்க்கவே 2005 ஜூலையில் சேது சமுத்திரத் திட்டத்தைத் தொடங்கினார்கள், அது நிறைவேறவில்லை. ஆகவே இக்கடல் என்றைக்கும் சிறிய கலங்களின் ராஜ்யமாகவே இருந்து வந்திருக்கிறது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடி, ரயிலோடு ரயிலை இணைத்த நீராவிக் கப்பல்கள் பெரிய கப்பல்கள் அல்ல. 'போட் மெயில்' என்று ஒரு ரயில் வண்டிக்கே பெயர் வாங்கித் தரும் அளவுக்கு அவை மக்களின் மனத்தில் இடம்பிடித்திருந்தன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தப் பாதையும் அழிந்தது. பல்லாண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் புறப்பட்ட 'செரியபாணி', 150 பேர் அமரக்கூடிய சிறிய விரைவுக் கப்பல். லட்சத்தீவுக் கடலில் உள்ள ஒரு பவளத் திட்டின் பெயரைத் தாங்கிய அக்கலம், சுமார் 60 கடல் மைல் தூரத்தை மூன்றரை மணி நேரத்துக்குள் கடந்தது. ஆனால் ஒரு வாரம் நிறைவதற்குள் வாடைக்காற்றுக்கு அஞ்சிச் சேவையை நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பல் அந்த வழியை மீண்டும் திறந்தது. மழைக்காலம் வந்ததும் அதுவும் கரையில் ஒதுங்க வேண்டியிருந்தது. சிறுகலத்தின் குணமும் குறையும் இந்தச் சரித்திரத்துக்குள் அடக்கம்: போக முடிந்த நாளில் அது தீவின் வாசலிலேயே இறக்கிவிடுகிறது, போக முடியாத நாள்களோ ஆண்டில் பல.

பெரிய கலத்தின் நியாயம் வங்காள விரிகுடாவில் விளங்கும். சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். இரண்டரை நாளோ மூன்று நாளோ கரை என்பதே கண்ணில் படாது. நான்கௌரி, ஸ்வராஜ் தீப் முதலிய அரசாங்கக் கப்பல்கள் சுமார் 1,200 பேரை ஏற்றிக்கொண்டு, பங்க் வகுப்பு முதல் தனி அறை வரையில் பல தரங்களில் அந்தத் தூரத்தைக் கடந்து வந்திருக்கின்றன. இங்கே சிறிய கலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைவிடக் கப்பல் நீளமாக இருந்தால், அது இரண்டு மூன்று முகடுகளின் மேல் ஒரே சமயத்தில் படிந்து, ஏணியைக் கிடத்தினாற்போல நிதானமாகப் போகும். குட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலையிலும் ஏறி ஏறி விழும். கண் ஒன்றைச் சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்ல, மூளை குழம்புவதால் உண்டாவதே கடல் குமட்டல். பெரிய கப்பலின் இரு பக்கங்களிலும் நீருக்கடியில் சிறகுகளைப் போன்ற தகடுகளைப் பொருத்திப் புரளலைக் குறைக்கிறார்கள். ஆனால் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தத் தகடுகள் நன்றாக வேலை செய்யும், தீவுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கையில் பெருங்கப்பலும் தூளியாட்டம் ஆடத்தான் ஆடும் என்பதை விளம்பரக் காகிதங்கள் சொல்வதில்லை. எந்தக் கப்பலானாலும் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை கேட்பது உசிதம். கடல் தெரியும் மேல்தள அறைக்கு அதிகப் பணம் கொடுத்துவிட்டு இரவெல்லாம் பையும் கையுமாக இருப்பது வீண்.

பெரியது என்றால் சுகம் என்று நினைப்பதும் பிற்காலத்துப் பழக்கமே. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' நம் நாகப்பட்டினத்தார்க்கும் சிங்கப்பூர்த் தமிழர்க்கும் தெரிந்த பெயர். ஆரம்ப நாள்களில் அக்கப்பல் மேல்தளத்தில் மட்டுமே 5,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. அறை இல்லை, கட்டில் இல்லை. பாயை விரித்த இடமே வீடு. இன்று உலகத்தின் பிரமாண்டமான உல்லாசக் கப்பல்களில் ஒன்றாகப் பேசப்படும் 'ஐகான் ஆஃப் தி ஸீஸ்' 365 மீட்டர் நீளத்தில் 7,600 பேர் வரையில் ஏற்றுகிறது. ஜன நெருக்கத்தில் ரஜுலாவுக்கே முதலிடம் என்பேன்.

இந்தக் கேள்விக்கு உண்மையான பரீட்சை லட்சத்தீவில் நடக்கிறது. ஆகையால் அங்கே சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். எல்லாத் தீவுகளும் சேர்ந்தே 32 சதுர கிலோமீட்டர்தான். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகை 64,473. கொச்சியிலிருந்து செல்லும் கப்பல்களில் 'கவரத்தி' 700 பேரை ஏற்றும். 400 பேருக்கும் 250 பேருக்கும் கட்டப்பட்டவை வேறு உண்டு. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகளை ஐந்து நாளில் காட்டும் அரசாங்க யாத்திரையில், பகலைத் தீவிலும் இரவைக் கப்பலிலும் கழிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வழியில் போனபோது நான் கண்டது இது. விடியற்காலையில் கப்பல் தீவுக்கு வெளியே நின்றது. கரை, கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றியது. தென்னைமரத்தின் கீற்றை எண்ணலாம். ஆனால் கப்பலின் விலாவில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஓர் இரும்புக் கதவைத் திறந்தார்கள். கீழே மரப்படகு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டு, ஒரு கணம் கதவின் விளிம்புக்குச் சமமாக எழுந்து, மறுகணம் ஒரு முழம் கீழே போயிற்று. கதவோரத்தில் ஒரு மாலுமி, படகில் ஒரு மாலுமி. இருவரும் ஒவ்வொருவரையும் புஜத்தில் பிடித்துக்கொண்டு, படகு எழும் வரையில் காத்திருக்கச் சொன்னார்கள். கீழே போகையில் கால் வைத்தால் விழுவோம். மேலே வந்துகொண்டிருக்கையில் வைத்தால் முழங்கால் அடிபடும். உச்சிக்கு வந்து தயங்குகிற அரைக்கணத்தில் வைக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் மூன்று முறை காலைத் தூக்கி மூன்று முறையும் பின்வாங்கினார். நான்காம் முறை மாலுமிகள் அவரைக் கேட்கவில்லை. அரிசி மூட்டையைப் போலத் தூக்கி இறக்கிவிட்டார்கள். படகில் உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்தது, தம் சட்டைப்பையில் கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்ததுதான்.

அந்த அரைக்கணமே இந்த ஆராய்ச்சியின் மையம் என்று நான் கருதுகிறேன். சமுத்திரத்தைக் கடப்பதற்குப் பெரிய கலம் வேண்டும். மணலில் கால் வைப்பதற்குச் சிறிய கலம் வேண்டும். எனவே தீவு யாத்திரை எதிலும் இரண்டும் இருந்தே தீரும். பெரிதா சிறிதா என்று கேட்பதைவிட, எந்த இடத்தில் மாறி ஏறுகிறோம், எத்தனை பேரோடு வரிசையில் நிற்கிறோம், நம் கால் அதற்கு இடம் கொடுக்குமா என்று கேட்பதே பொருத்தம். 250 பேர் வந்த கப்பலில் அந்த மாற்றம் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. ஆயிரம் பேர் வந்தால் காலைப் பலகாரத்துக்குப் பிறகு சீட்டு வாங்கிக்கொண்டு முறைக்குக் காத்திருந்து, தீவில் இறங்குவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். திரும்பும்போதும் அதே வரிசை. நான்கு நாள் யாத்திரையில் தீவின் மணல் மேல் கழியும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் வருத்தமாக இருக்கும்.

சென்னையிலிருந்து 2022 ஜூன் மாதம் முதல் சுற்றுலாவுக்குப் புறப்பட்ட 'கார்டீலியா எம்ப்ரஸ்' பெருங்கலத்தின் குணங்களை நன்றாகக் காட்டுகிறது. 1990-ல் பிரான்ஸ் தேசத்தில் கட்டப்பட்டு, அமெரிக்க முதலாளிகளின் கையில் நெடுங்காலம் ஓடிய அக்கப்பல் சுமார் 210 மீட்டர் நீளமுள்ளது; பதினோரு தளங்கள், நாடக அரங்கு, நீச்சல் குளம், சூதாட்ட அரங்கு எல்லாம் உண்டு. அந்தச் சூதாட்டத்தைக் காரணம் காட்டியே புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்து அனுமதி மறுக்கப்பட்டது. 2023 ஜூனில் இதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைச் சுற்றத் தொடங்கியது. இத்தகைய கப்பலில் போகிறவர் தீவுக்குப் போகிறார் என்று சொல்வதைவிடக் கப்பலுக்குப் போகிறார் என்று சொல்வதே பொருந்தும். தீவு அவர்களுக்கு ஜன்னல் காட்சி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. முழங்கால் வலியுள்ள தாயாரையும், ஓடியாடும் பேரப்பிள்ளைகளையும் ஒருசேர அழைத்துப் போகிற குடும்பத்துக்கு மின்தூக்கியும் மருத்துவரும், வேளைக்கு வேளை சைவச் சாப்பாடும் உள்ள பெருங்கலத்தைப் போன்ற உபகாரம் வேறில்லை. சிறு கலத்தில் சமையற்காரர் வைத்ததுதான் குழம்பு.

தீவின் பக்கம் நின்று யோசிப்பதும் அவசியம். அகத்தித் தீவின் மக்கள் தொகை 2011-ல் ஏறக்குறைய 7,500. அங்கே ஒரு காலை வேளையில் ஆயிரம் விருந்தாளிகள் வந்து இறங்கினால், மணலுக்கடியில் மெல்லிய ஏடாகத் தேங்கி நிற்கும் நன்னீரை நம்பியிருக்கும் ஊர் என்ன செய்யும்? நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு மேல் பந்தி போடுவதுபோலப் போட்டுவிட முடியுமா? கலாபகஸ் தீவுகளில் 100 பேருக்கு மேல் ஏற்றும் கப்பலை அனுமதிப்பதில்லை. கரையிறங்குகிறவர்களும் ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேராகவே போக வேண்டும். அண்டார்க்டிகாவில் ஒரே சமயத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்கலாகாது; 500 பேருக்கு மேல் ஏற்றிவந்த கப்பல் யாரையும் இறக்கவே கூடாது.

அபாயத்தைப் பொறுத்த மட்டில் அளவு யாரையும் காப்பாற்றுவதில்லை. 2012 ஜனவரியில் இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' என்ற பெருங்கப்பல், நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு, ஒரு சிறு தீவின் கரைக்கு மிக அருகில் போய்ப் பாறையில் மோதி 32 உயிர்களைப் பலிகொண்டது. கரையிலிருந்தவர்களுக்குக் கப்பலைக் காட்ட வேண்டும் என்ற விபரீத ஆசையே காரணம். 1985 பிப்ரவரியில் நம்முடைய 'சிதம்பரம்' கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியதையும் அது மலேயா வழியையே ஓய்த்துவிட்டதையும் நாகப்பட்டினத்து முதியவர்கள் மறக்கவில்லை. சிறு கலத்தின் விபத்துக்கோ பெரும்பாலும் ஒரே காரணம், அளவுக்கு மிஞ்சி ஏற்றுவது. 2014 ஜனவரி 26-ஆம் தேதி அந்தமானில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 21 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரம் பக்கத்தவர். உயிர்காக்கும் கவசத்தை முதுகுக்குத் தலையணையாக வைத்துக்கொள்கிற நம்மவர் வழக்கத்தை நானே பார்த்திருக்கிறேன்; அதைக் கட்டிக்கொள்ளும்படி சொன்ன மாலுமியிடம், "வேர்க்குதுப்பா" என்று ஒருவர் சிணுங்கியதும் உண்டு.

பருவம் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரையில் மேற்குக் கடல் சிறு கலங்களுக்கு மூடிய கதவு. ஐப்பசி பிறந்தால் கிழக்குக் கடல் முரண்டு பிடிக்கும். தை மாசி பங்குனி மூன்றும் இரு கடலுக்கும் நல்ல மாதங்கள்.

மறு வாரம் இவற்றையெல்லாம் அண்டைவீட்டுக்காரரிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். பங்குனியில் கொச்சி வழியாக, 400 பேருக்கு மேற்படாத கப்பலில், நடுத்தளத்து அறையில் போகலாம் என்பது என் அபிப்பிராயம் என்றேன். அவர் நீச்சல் குளம் இருந்த காகிதத்தை ஒரு முறை ஏக்கத்தோடு பார்த்தார். "குளம் என்னத்துக்கு, கோமுகி அணைத் தண்ணி போதாதா?" என்று திண்ணைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது, அவர் மனைவி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, கப்பல் எதுவோ இருக்கட்டும். எறங்கறப்ப படி இருக்குமா, எகிறிக் குதிக்கணுமா?" என்று கேட்டார். நான் அந்த இரும்புக் கதவையும், எழுந்து தாழ்ந்த படகையும், மூன்று முறை காலைத் தூக்கிய பெரியவரையும் பற்றிச் சொன்னேன். கணவர் இரண்டு காகிதங்களையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கதவின் படம் எதிலும் இல்லை.

"கரும்பு லோடு டிராக்டர் டிரெய்லர்ல எத்தனை வருஷம் ஏறி எறங்கியிருக்கேன்" என்றார் அந்த அம்மாள், உளுந்தை ஒரு தட்டுத் தட்டி. "அது நிக்கும், இது ஆடும். நீங்கதான் உங்க முட்டியப் பாத்துக்கணும்."